குற்றம் செய்கிற நாயகன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மனசு ஏன் தவிக்கிறது?

மண்டபம் டீச்சர்

மண்டபம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். தொடர் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது "அம்மா, இந்த ஆளும் உங்க சப்ஜெக்ட்தான்" என்று 'பிரேக்கிங் பேட்' போட்டுவிட்டாள். அவள் ஊருக்குப் போன பிறகும் நான் விடவில்லை, கடைசி வரை பார்த்து முடித்தேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதை முழுவதையும் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

2008 முதல் 2013 வரை அமெரிக்காவில் வந்த தொடர். நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கி என்ற ஊர். வால்டர் வொயிட் ஐம்பது வயது வேதியியல் ஆசிரியர். சம்பளம் பற்றாமல் பள்ளி விட்டதும் கார் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிறார். தன்னிடம் படிக்கும் பையனின் காரையே குனிந்து கழுவ வேண்டி வருகிறது. மனைவி மாசமாக இருக்கிறாள், மகனுக்குப் பெருமூளை வாதம். அந்த நேரத்தில் அவருக்கு நுரையீரலில் புற்று என்று தெரிகிறது. மெத் என்ற போதைச் சரக்கைக் காய்ச்ச இறங்குகிறார். இங்கே 'ஐஸ்' என்ற பெயரில் பிடிபட்டதாகச் செய்தி வருகிறதே, அதே சரக்கு.

முதல் பாகத்திலேயே வகுப்பில் பர்னர் சுடர் மேல் கரைசலைத் தெளித்து நிறம் மாற்றிக் காட்டுவார். செய்முறை வகுப்பில் நானும் அதைத்தான் செய்கிறேன். காப்பர் என்றால் நீலப்பச்சை, ஸ்ட்ரான்சியம் என்றால் ரத்தச் சிவப்பு. எங்கள் பிள்ளைகள் அந்த ஒரு நிமிஷமாவது எழுந்து நின்று பார்ப்பார்கள். அவர் வகுப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. அந்த இடத்திலேயே நான் அவர் கட்சிக்குப் போய்விட்டேன்.

பிறகு அவர் செய்வதெல்லாம் கொடுமை. பழைய நண்பர்கள் வைத்தியச் செலவை ஏற்கிறோம் என்று முதல் சீசனிலேயே வருகிறார்கள். வறட்டுக் கௌரவத்தில் வேண்டாம் என்கிறார். வேறு வழியில்லாமல் இறங்கினார் என்று அதற்குப் பிறகு சொல்லவே முடியாது. அடுத்த சீசனில் ஜேன் என்ற பெண் போதை மயக்கத்தில் வாந்தி அடைத்துத் திணறுகிறாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைத்துவிடுவாள். பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள் சாவதைப் பார்க்கிறார். இத்தனைக்கும் பிறகு, அவரும் மெத் காய்ச்சும் கூட்டாளி ஜெஸ்ஸியும் பழைய வேனுக்குள் ஒளிந்திருக்க, போதைத் தடுப்புப் பிரிவில் இருக்கும் மைத்துனர் ஹாங்க் கதவுக்கு வெளியே நிற்கும் காட்சியில், "ஐயோ, திறந்துவிடக் கூடாதே" என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது கடல் அட்டை வழக்கில் உள்ளே இருக்கிறான். 2001இல் கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்த பிறகு அதைப் பிடித்தாலோ கடத்தினாலோ 3 முதல் 7 வருஷம் வரை தண்டனை. அவன் பிடிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அவித்துக் காயவைத்த அட்டை மூட்டைகளை ராத்திரியில் கரையிலிருந்து படகில் ஏற்றிக் கொடுத்தான், மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. பேப்பரில் அவன் பெயர் வந்த அன்று ஆசிரியர் அறையில் "அவன் அப்பவே அப்படித்தான்" என்றார்கள். பேச்சு அதோடு முடிந்தது. எனக்கும் அன்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன்.

ஆளைச் சாக விட்டு வேடிக்கை பார்த்த கற்பனை மனிதனுக்காகத் தவித்த மனசு, மூட்டை தூக்கிய பையனுக்காக ஏன் அசையவில்லை? இது மனசின் கோளாறா, கதை சொல்கிறவர்களின் வேலையா? எங்கள் பிள்ளைகளில் சிலர் தொப்பியும் கண்ணாடியுமாக வால்டர் படம் போட்ட டீ சர்ட்டோடு டியூஷனுக்கு வருகிறார்கள். அவர்களிடம் நான் என்ன பேசுவது?

கீழக்கரைக்காரன் (இப்ப ஷார்ஜா)

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். பாவமேன்னு நெனைக்கிறது வேற, அவன் செஞ்சது சரின்னு சொல்றது வேற. அதனால முதல்ல உங்க மேல நீங்க கோவப்படாதீங்க. ரூம்ல எல்லாரும் தூங்குன பிறகு இயர்போன் மாட்டிக்கிட்டு இந்த மாதிரி தொடர்களத்தான் நான் வருஷக்கணக்கா பாத்துட்டு வாறேன். எழுதுறவங்க செய்யுற வேலை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்றேன்.

1999ல ஆரம்பிச்ச 'சொப்ரானோஸ்' பாருங்க. டோனி நியூ ஜெர்சியில ஒரு மாஃபியா ஆளு. அஞ்சாவது பாகத்துல மகளைக் காலேஜ் பாக்கக் காருல கூட்டிட்டுப் போறாரு. அப்பாவும் மகளும் பேசிக்கிட்டுப் போறதப் பாத்தா நம்ம வாப்பா ஞாபகம் வரும். அந்த ஊருல, கூட இருந்து போலீசுக்குக் காட்டிக்கொடுத்துட்டு வேற பேருல வாழுற பழைய ஆளு ஒருத்தன் கண்ணுல படுறான். மகளுக்குத் தெரியாம அவனைத் தேடிப் போயி, தன் கையாலயே கழுத்த நெரிச்சுக் கொல்றாரு. இதைப் பாத்தா ஜனங்க டோனியை வெறுத்துருவாங்கன்னு சேனல்காரங்களே பயந்தாங்க. கதையை உண்டாக்குன டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்கல. காட்டிக்கொடுத்தவனைச் சும்மா விட்டாத்தான் டோனி பொய்யான ஆளாத் தெரிவான்னு நின்னாரு. ஜனங்க வெறுக்கல டீச்சர். 2007 வரைக்கும் அந்தத் தொடர் ஓடுச்சு.

அவங்க பண்றது என்னன்னா, நாயகன் பக்கத்துல எப்பவும் அவனைவிட மோசமான ஒருத்தனைக் கொண்டாந்து நிறுத்திருவாங்க. வால்டருக்கு முதல்ல டூக்கோ, கண்ணு மண்ணு தெரியாம ஆளை அடிச்சே கொல்றவன். அப்புறம் கோடாரி தூக்கிட்டு வர்ற இரட்டையர், அப்புறம் பெரிய சரக்கு வியாபாரி கஸ், கடைசியில உடம்பெல்லாம் நாஜிப் பச்சை குத்துன ஒரு கும்பல். ஒவ்வொரு தடவையும் 'இவனுக்கு அவன் தேவல'ன்னு நாமளே கணக்குப் போட்டு வால்டர் பக்கம் போயிடுறோம். அவங்க யாரும் இல்லாத ஊருல வால்டர் மட்டும் தனியா இருந்திருந்தா? யோசிச்சுப் பாருங்க.

என் மச்சான் ஒருத்தன் இந்தப் பழக்கத்துல விழுந்துட்டான். மாமி தன் நகையை எங்க உம்மா கையில குடுத்து வச்சிருக்காங்க, சொந்த வீட்டுல வைக்க முடியல. அதுக்கப்புறம் என்னால வால்டர் பக்கம் நிக்க முடியல. நாலாவது சீசனோட விட்டுட்டேன், அதுக்கு மேல கேள்விப்பட்டதுதான்.

தேவிபட்டினம் அக்கா

டீச்சர், என் தம்பி மதுரை ஜெயில்ல இருக்கான். கஞ்சா கேசு. இத முதல்லயே சொல்லிடுறேன், தெரிஞ்சுக்கிட்டே படிங்க. 20 கிலோவுக்கு மேல போயிட்டா குறைஞ்சது 10 வருஷம், 20 வரைக்கும் போகும். ஜாமீனும் லேசுல கிடைக்காது. இதெல்லாம் எங்க வீட்டுல யாருக்கும் முன்னாடி தெரியாது, இப்ப எங்க அம்மா கூட மனப்பாடமா சொல்லும். அவன் ஒரு சம்மாட்டிகிட்ட, அதான் படகு முதலாளிகிட்ட, நாட்டுப்படகுல கூலிக்குப் போய்க்கிட்டிருந்தான். மீன்பாடு இல்லாத மாசத்துல ஒருத்தன் வந்து, நடுக்கடலுக்குக் கொண்டுபோய்ப் படகு மாத்திக் குடுத்தாப் போதும்னு சொல்லியிருக்கான். சரக்கு யாருதுன்னு என் தம்பிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போன்ல ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரலு மாட்டல.

கீழக்கரைத் தம்பி சொன்னது சரிதான், ஆனா எனக்கு அது போதல. வால்டர் வீட்டை நாம எவ்வளவு பாத்திருக்கோம்னு நெனச்சுப் பாருங்க. பிறந்தநாள் அன்னிக்குக் காலைச் சாப்பாட்டை 50ன்னு எண்ணா அடுக்கித் தட்டுல வைக்கிறா பொஞ்சாதி. அவரு இருமுறதைப் பாக்குறோம், முடி கொட்டுறதைப் பாக்குறோம், ராத்திரி தூக்கம் வராம உக்காந்திருக்கிறதப் பாக்குறோம். இவ்வளவு பாத்த பிறகு அந்த ஆளு நமக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆயிடுறான். சொந்தக்காரன் தப்புப் பண்ணா முதல்ல வர்றது பயம்தான், கோவம் பிறகுதான்.

அந்தச் சரக்கை வாங்குறவன் வீட்டை எத்தனை தடவை காட்டுனாங்க? ரெண்டாவது சீசன்ல ஒரு பாகம் இருக்கு. ஜெஸ்ஸி திருடுபோன சரக்கைத் தேடி ஒரு வீட்டுக்குள்ள போறான். போதைக்கு அடிமையான அப்பனும் ஆத்தாளும் வெளிய போயிருக்க, செம்பட்டை முடியோட ஒரு சின்னப் பையன், குளிப்பாட்ட ஆளில்ல, சாப்பாடு குடுக்க ஆளில்ல, டிவி முன்னாடி உக்காந்திருப்பான். ஜெஸ்ஸி அவன்கூட முகத்தை மூடி மூடித் திறந்து விளையாடுவான். அந்த ஒரு பாகம் பாத்துட்டு நான் ரெண்டு நாள் தொடர் பக்கமே போகல. அந்த வீட்டுக்குள்ள போனது ஜெஸ்ஸி, வால்டர் போகல. அந்தப் பிள்ளை முகத்தை வால்டர் பாக்கவே இல்ல. பாத்த ஜெஸ்ஸிக்கு அதுக்கப்புறம் மனசு ஆறவே இல்ல.

அடுத்தது வால்டர் பொஞ்சாதி ஸ்கைலர். அந்தப் பொம்பளையை எவ்வளவு பேரு திட்டுனாங்க தெரியுமா? அதுல நடிச்ச ஆன்னா கன் 2013ல நியூயார்க் டைம்ஸ்லயே எழுதினாங்க, ஸ்கைலர் மேல இருந்த வெறுப்பு தன் மேலயே திரும்புனதைப் பத்தி. அவ என்ன பண்ணுனா? புருஷன் பொய் சொல்றான், பிள்ளைகளுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சு எதுத்து நின்னா. எங்க வீட்டுலயும் அதே கதைதான். தம்பி பொஞ்சாதி அந்தப் பணம் வேணாம்னு முன்னாடியே சண்டை போட்டவ. இன்னைக்கு ஊருல அவளத்தான் சொல்றாங்க, "இவ நச்சரிப்பு தாங்காமத்தான் அவன் போனான்"னு. வால்டர் கடைசிப் பாகத்துல பொஞ்சாதிகிட்ட ஒத்துக்குவாரு, குடும்பத்துக்காகப் பண்ணல, எனக்காகத்தான் பண்ணேன், எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னு. அந்த வார்த்தை அவளுக்குக் கிடைச்சதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்க வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கணும், நான் ஜெயிலுக்குத் தம்பியை மனு பாக்கப் போகும்போதெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மனு பாக்கிறதுன்னா என்னன்னு எந்தத் தொடருலயும் காட்ட மாட்டாங்க. இருட்டுல கெளம்பி ராம்நாடு, அங்கேருந்து பரமக்குடி, மானாமதுரை தாண்டி மதுரை. அம்மாவுக்கு மூட்டுவலி, பஸ்ஸுல காலை நீட்ட முடியாது. வரிசையில நின்னு, பேரு கூப்பிட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்துல கத்திப் பேசிட்டு, "சாப்பிட்டியா"ங்கிறதத் தவிர ஒண்ணும் கேக்காம திரும்பி வரணும்.

தம்பி செஞ்சது தப்பில்லன்னு நான் சொல்லல டீச்சர். அந்த மூட்டை அக்கரையில எறங்கியிருந்தா எத்தனை வீட்டுல நகையை அடுத்த வீட்டுல ஒளிச்சு வச்சிருப்பாங்கன்னு கீழக்கரைத் தம்பி எழுதுனதப் படிச்ச பிறகு கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆனா பேப்பருல அவனைப் பத்தி வந்தது நாலு வரி. பேரு, வயசு, தெரு, எத்தனை கிலோ. உங்க மாணவனுக்கும் அவ்வளவுதான் வந்திருக்கும். நாலு வரியை வச்சுக்கிட்டு யாருக்கு மனசு அசையும்?

டீ சர்ட் போட்ட பிள்ளைகளைத் திட்டாதீங்க. அஞ்சாவது சீசன்ல ரயில் கொள்ளை வருது பாருங்க, அதைப் போட்டுக் காட்டுங்க. அந்தப் பாகம் ஆரம்பிக்கிறதே ஒரு பையன் மோட்டார் பைக்ல வந்து மணல்ல ஓடுற சிலந்தியைப் பிடிச்சு பாட்டில்ல போடுறதுலதான். கொள்ளை முடிஞ்சு எல்லாரும் குதிச்சுக் கொண்டாடும்போது அவன் தூரத்துல நின்னு பாத்துட்டான்னு வால்டர் கூட்டத்துல இருக்கிற டாட் சுட்டுருவான். அடுத்த பாகத்துல ஜெஸ்ஸி உடைஞ்சுபோய் நிக்கிறான். வால்டர் ஆறுதல் சொல்றாரு, கொஞ்ச நேரத்துல விசிலடிச்சுக்கிட்டே வேலை பாக்குறாரு. பையனைத் தேடுறதா டிவியில ஒரு துண்டுச் செய்தி வரும், அதுக்கு மேல அவன் வீடு இல்ல. அவன் அம்மா எங்கெங்க தேடியிருப்பான்னு பிள்ளைகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க.

பாம்பன் பெரியவர்

நான் இந்தத் தொடர்களைப் பார்த்ததில்லை. பேரன் படித்துக் காட்டியதால் எழுதுகிறேன். ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமர் லிங்கம் வைத்துப் பூஜித்த இடம் என்று ராமேஸ்வரத்துத் தலபுராணம் சொல்கிறது. அடுத்தவன் மனைவியைத் தூக்கிப் போனவன்தான், கொல்லப்பட வேண்டியவன்தான். ஆனாலும் அவன் சாவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்த ஊர் இது. கம்பரும் ராவணன் விழுந்ததும் மண்டோதரியை அழ விடுகிறார், படிப்பவனும் கூட அழுவான். அதற்கு முன் அசோகவனத்தில் சீதை இருந்த இருப்பைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லிவிட்டுத்தான் அழ விடுகிறார். தேவிபட்டினத்து மகள் கேட்பதும் அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் பெண்ணுக்கு என் வணக்கம்.

மண்டபம் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. ரயில் கொள்ளைப் பாகத்தை வைத்து அக்கா சொன்ன எழுத்துப் பயிற்சியை அடுத்த வாரம் டியூஷனில் செய்யப்போகிறேன், காட்சியைப் போடாமல் கதையாகச் சொல்லி. பிளஸ் ஒன் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள்.

அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. உள்ளே இருக்கும் என் மாணவன் வீட்டை நான் பார்க்காமல் இல்லை. நான் பஸ் ஏறும் நிறுத்தத்திலிருந்து தெரியும். அப்பா இல்லை, அம்மா கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறாள், பெற்றோர் கூட்டத்துக்கு விரலெல்லாம் புண்ணோடு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஆக, நாலு வரியை மட்டும் தெரிந்தவள் இல்லை நான். வால்டருக்காக வருத்தப்பட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாம். இந்தப் பையனுக்காக வருத்தப்பட்டால் அடுத்து ஏதாவது செய்தாக வேண்டும். அவன் வீட்டு வாசலில் போய் நின்றால் தெரு பார்க்கும், பள்ளியில் கேட்பார்கள், வக்கீல் செலவுப் பேச்சு வரும். அதனால்தான் மனசு முதலிலேயே கதவைச் சாத்திக்கொண்டது என்று நினைக்கிறேன். என்னோடு வேலை பார்க்கிறவர்கள் மனசும் கல் இல்லை, அவர்களுக்கும் இதேதான்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவன் பிளஸ் டூவில் இயற்பியலும் கணக்கும் போய் அப்படியே விட்டவன். உள்ளே இருந்து எழுத முடியுமா?

தேவிபட்டினம் அக்கா

எழுதலாம் டீச்சர். ஜெயில்ல இருக்கிறவங்க பத்தாவது, பிளஸ் டூ ரெண்டுமே வருஷா வருஷம் எழுதுறாங்க. கேசு இன்னும் நடந்துக்கிட்டிருந்து ஜாமீன் கிடைச்சிருச்சுன்னா வெளிய வந்து தனித்தேர்வராவே எழுதட்டும், இல்லன்னா உள்ள இருந்து அதிகாரிகள் மூலமா விண்ணப்பிக்கணும். மொதல்ல அவன் அம்மாவைப் போய்ப் பாருங்க, எந்த ஜெயிலு, எந்தக் கிழமை மனு, எந்த வக்கீலுன்னு அவங்ககிட்டதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா வீட்டுல இருப்பாங்க, மத்த நாளு கம்பெனிக்குப் போயிருவாங்க. கணக்குக்கு யாராவது நோட்ஸ் குடுத்தா என்கிட்ட குடுங்க, எங்க கடையிலயே செராக்ஸ் எடுத்துத் தர்றேன், காசு வேணாம்.